மேனேஜருக்காகத் திறந்த போன்

என் முகம் ஒரு காலத்தில் எங்கள் ஆபீஸ் வாட்சப் குரூப்பில் ஸ்டிக்கராக ஓடிக்கொண்டிருந்தது. கண் பாதி மூடி, வாய் திறந்து, உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். கீழே 'லோடிங்' என்று எழுதியிருக்கும். டீ வரத் தாமதமானால் அதைப் போடுவார்கள். துறைமுக கேட்டில் லாரி நின்றுபோனால் போடுவார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, அது யாருடைய முகம் என்று தெரியாமல் என்னிடமே ஒருநாள் அதை அனுப்பினாள். அந்த ஸ்டிக்கரைச் செய்தவர் எங்கள் மேனேஜர்.

எங்கள் ஆபீஸ் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வெளிநாட்டுக்குப் போகிற சரக்குக்கு வேண்டிய காகித வேலைகளைச் செய்து கொடுக்கிற ஏஜென்சி. எந்தக் கண்டெய்னரில் என்ன சரக்கு, எவ்வளவு எடை, யார் அனுப்புகிறார், அங்கே யார் வாங்குகிறார் என்ற விவரங்களைக் கெடுவுக்குள் கப்பல் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். கெடு தாண்டினால் கண்டெய்னர் இங்கேயே கிடக்கும், கப்பல் போய்விடும். கல்யாணமாகி முத்தையாபுரத்துக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் வேலை. கப்பலை விட்டவள் என்ற பேர் எனக்குக் கிடையாது.

மாமி, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மா, பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடந்தவரைத் தனியாக விட்டுவிட்டு ஆபீஸ் போக முடியாது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஷிப்ட் வேலை. நான் முதலாளியிடம் பேசி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். முதலாளி சரி என்றார். மேனேஜருக்குத்தான் அது பிடிக்கவில்லை. தன்னைக் கேட்காமல் மேலே போய்விட்டேன் என்ற கோபம்.

எங்கள் வீடு உப்பளத்துக்கு முந்தின கடைசித் தெரு. கேபிள் நெட் போடுகிறவரிடம் கேட்டால், அந்தப் பக்கம் போஸ்ட் இல்லை, உப்புக் காத்துல வயரும் நிக்காது என்றார். ஆகவே போன்தான் கதி. காலையில் ஓரளவு ஓடும். மதியத்துக்கு மேல் பைபாஸில் டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நிற்க ஆரம்பிக்கும். அத்தனை டிரைவர்களும் கேபினில் படுத்துக்கொண்டு போனில் படம் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு என் லாப்டாப்பில் ஒரு மெயில் போவது, கிணற்றில் ஓட்டை வாளி போட்டு இறைக்கிற மாதிரிதான்.

அப்படி ஒரு மதியம், வீடியோ மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது என் படம் உறைந்துவிட்டது. நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன், அவர்களுக்குக் கேட்கவில்லை. நெட் திரும்ப வந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே ஸ்டிக்கர் வந்துவிட்டது. மேனேஜர் போனில் கூப்பிட்டு, கோபப்படாதீங்க, சும்மா ஒரு தமாஷுக்கு என்றார். அடுத்த வாரம் அதே தமாஷான குரலில் இன்னொன்றும் சொன்னார்.

"ஏம்மா, உங்க நெட்டு வாரது வரைக்கும் கப்பல் காத்துக்கிட்டு நிக்காதுல்லா. சாத்தான்குளத்துப் பார்ட்டிய நம்ம தம்பி பாக்கட்டும்."

நம்ம தம்பி என்று அவர் சொன்னது அவருடைய மனைவியின் தம்பியை. ஆபீசில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சாத்தான்குளத்துப் பார்ட்டி என்பது அந்தப் பக்கம் மருந்துக்கு ஆகிற நிலாவாரை இலை வாங்கிக் காயவைத்து ஜெர்மனிக்கு அனுப்புகிற ஒரு அண்ணாச்சி. எங்கள் ஆபீசுக்கு வருகிற ஏற்றுமதிக்காரர்களில் பெரியவர். அவர் வந்ததே என்னால்தான். அவருடைய மனைவியும் என் அம்மாவும் நாசரேத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்களாக இருந்தவர்கள். அவரை என் கையிலிருந்து பிடுங்குவதற்காகத்தான் ஸ்டிக்கர் முதலில் வந்தது என்று அப்போது எனக்குப் புரிந்தது. முதலில் ஒருத்தியைக் கேலிப்பொருளாக ஆக்கிவிட்டால், பிறகு அவளுடைய வேலையை எடுப்பது சுலபம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார். வாயோரம் லேசாகச் சிரிப்பு வந்து, அதை அடக்கிக்கொண்டு, "ஒரு படம்தானளா, விட்டுத்தள்ளு" என்றார். அவரிடம் அதற்குப் பிறகு நான் இந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாமியிடம் சொன்னேன். அன்றிலிருந்து மாமியின் ராத்திரி ஜெபத்தில் மேனேஜரும் சேர்ந்தார். அவருடைய நன்மைக்காக அல்ல.

என்னைப் பொறுத்தவரை எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த ஆள் எந்த வாயால் என் நெட்டைச் சொன்னாரோ, அதே வாயால் என்னிடம் வந்து கேட்க வேண்டும்.

எங்கள் எதிர்வீட்டு அக்கா ஒருநாள் மாமியைப் பார்க்க வந்தபோது, அவளுடைய மகள் போனில் ஃபைவ்ஜி என்று காட்டுவதைப் பார்த்தேன். சாதாரண போன்தான். அதை வாங்கி மொட்டை மாடியில் வைத்து ஒரு பெரிய பைலை இறக்கிப் பார்த்தேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. டவர் எங்கள் தெருவுக்கு நேராகத்தான் நின்றது. டிரைவர்களில் முக்கால்வாசிப் பேர் பழைய போன் வைத்திருந்தார்கள், அதனால் இந்தப் புதிய வழியில் கூட்டமே இல்லை. குறை ஊரில் இல்லை, என் போனில் இருந்தது.

என் போன் துபாயில் இருக்கும் என் தம்பி கொடுத்தது. அட்டைப்பெட்டியிலேயே ஃபைவ்ஜி என்று அச்சடித்திருந்தது. ஆனால் அது வேறு நாட்டில் விற்பதற்காகச் செய்த போன். இந்த ஊர் சிம்மைப் போட்டால் ஃபோர்ஜிக்கு மேல் போகாதபடி உள்ளே ஒரு கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். டவுனில் ஒரு போன் கடையில் காட்டினேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது, புதுசு ஒண்ணு எடுத்துக்கோங்க என்று கண்ணாடி அலமாரியைத் திறந்தார். மாமியின் ஆபரேஷன் முடிந்த கையோடு புதுப் போன் வாங்குகிற நிலைமையில் நாங்கள் இல்லை. இருந்திருந்தாலும் வாங்கியிருப்பேனா என்று தெரியவில்லை. என் கையில் இருக்கிற ஒன்றை எனக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பது என்னை வேறு விதமாகக் குடைந்தது. அந்தப் போனும் நானும் ஒரே நிலைமையில்தான் இருந்தோம்.

மாமி தூங்குகிற மதிய நேரங்களில் தேட ஆரம்பித்தேன். உலகம் முழுக்க என்னைப் போல ஆட்கள் இருந்தார்கள். ஒரு நாட்டில் வாங்கி இன்னொரு நாட்டில் மாட்டிக்கொண்டவர்கள். அவர்கள் கூடிப் பேசுகிற ஒரு இணையதளம் இருந்தது. என் போனின் பேரைப் போட்டுக் கேட்டிருந்த கேள்விகளுக்கெல்லாம் போலந்துக்காரர் ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். விஷயம் இதுதான்: முதலில் போனின் பூட்டைத் திறக்க வேண்டும், திறந்தால் உள்ளே இருக்கிற எல்லாம் அழியும். பிறகு கம்ப்யூட்டரோடு வயரில் இணைத்து, போன் எந்த நாட்டுக்கானது என்று சொல்கிற குறியை மாற்ற வேண்டும். சரியான பைலைப் போட்டால் கதவு திறக்கும். தப்பானதைப் போட்டால் போன் வெறும் செங்கல்தான், பிறகு எழாது. கம்பெனி வாரண்டியும் போய்விடும்.

நான் அவருக்கு எழுதினேன். அவர் என் போனின் விவரங்களையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு, இது ஆபத்தான வேலை, ஃபோர்ஜியே போதாதா, எதற்காக இவ்வளவு அவசரம் என்று கேட்டார். ஒரு மனிதனை வெட்கப்பட வைக்க வேண்டும் என்று எழுதினேன். பதிலுக்கு ஒரு சிரிப்பு முகமும், அதற்குக் கீழே ஒரு பைலும் வந்தன.

போட்டோக்களையும் நம்பர்களையும் லாப்டாப்பில் ஏற்றி வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். பூட்டு சிரமமில்லாமல் திறந்தது. போன் புதிதாக வாங்கியதுபோல வெறுமையாக எழுந்து, மொழி என்ன என்று கேட்டது. அடுத்து குறியை மாற்றுகிற பைல். கம்ப்யூட்டரில் பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து முடிந்தது. போன் அணைந்து மறுபடி எரிந்தது. கம்பெனியின் பேர் திரையில் வந்தது. அதோடு நின்றுவிட்டது.

மறுபடி அணைக்கப் பார்த்தேன். அணையவும் இல்லை. கம்பெனி பேர் மட்டும் வெள்ளையாக மின்னிக்கொண்டே இருந்தது. மறுநாள் திங்கட்கிழமை. போன் இல்லை, நெட் இல்லை, வேலைக்கு உட்கார முடியாது. மேனேஜருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? நானே என் கையால் அவருக்குப் பரிசு கொடுத்துவிட்டேன் என்று தோன்றியது. வடிக்காமல் விட்ட சோறு குழைந்து அடிப்பிடித்து, மாமி உள்ளேயிருந்து என்னளா வாசம் என்று கேட்டார்.

எதிர்வீட்டில் போனை இரவல் வாங்கி அந்தப் போலந்துக்காரருக்கு எழுதினேன். அவர் உடனே பதில் போட்டார். போன் சாகவில்லை, பேட்டரி தானாகத் தீர்ந்து அணைகிற வரை விடுங்கள், பிறகு இந்த இரண்டு பட்டன்களைப் பிடித்துக்கொண்டு வயரைச் செருகுங்கள், நான் தந்த பைல் உங்கள் மாடலுக்கு ஒரு படி பழையது, மன்னிக்கவும் என்று எழுதி, புதியதை அனுப்பினார்.

பேட்டரி தீர்கிற வரை காத்திருந்ததுதான் பெரிய தண்டனை. அந்த மதியம் முழுக்க நான் துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன். வெயில் சாய்கிற நேரத்துக்குப் போன் அணைந்தது. பட்டன்களைப் பிடித்து வயரைச் செருகி, புதிய பைலை ஏற்றினேன். கம்பெனி பேர் வந்தது, போனது, திரை திறந்தது. சிம்மைப் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மேல் ஓரத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஃபோர்ஜி. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கண் முன்னால் அந்த நான்கு அழிந்து ஐந்து வந்தது.

கீழே இறங்கி மாமியிடம் காட்டினேன். மாமிக்கு அது என்னவென்று புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவன் தொலைஞ்சானா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

பேங்க் ஆப் மட்டும் அந்தப் போனில் திறக்க மறுத்தது. பூட்டு உடைந்த போனை அது நம்பவில்லை. அதை என் வீட்டுக்காரர் போனில் போட்டுக்கொண்டேன். வேறு நஷ்டம் இல்லை.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தேன். வேகம் வந்துவிட்டது என்று காட்டியிருந்தால் மேனேஜர் வேறு காரணம் தேடியிருப்பார். நான் பழையபடி மெதுவாகவே இருந்தேன். அரை நிமிஷத்தில் போகிற மெயிலை எழுதி வைத்துவிட்டு, மாமிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்து அனுப்பினேன். கிடைத்த நேரத்தில் சாத்தான்குளத்து அண்ணாச்சியின் பழைய பைல்களையெல்லாம் இறக்கி ஒழுங்காக அடுக்கினேன்.

வீடியோ மீட்டிங்கில் இன்னொரு வேலை செய்தேன். நான் பேச வேண்டிய முறை வரும்போது, வார்த்தையின் பாதியில் நிறுத்திவிட்டு, வாயைத் திறந்தபடி அசையாமல் உட்கார்ந்துவிடுவேன். நெட் உறைந்துவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். முதல் தடவை சிரித்தார்கள். பிறகு பழகிப்போய், நான் அங்கே இல்லாத மாதிரியே பேச ஆரம்பித்தார்கள். ஒருநாள் மற்றவர்கள் எல்லோரும் போன பிறகு மேனேஜரும் அவருடைய மச்சினனும் மட்டும் இருந்தார்கள். நான் உறைந்திருந்தேன். உள் அறையிலிருந்து மாமி தண்ணி கேட்டார். உறைகிற நொடியிலேயே ஒரு விரலால் மைக்கை அணைத்திருந்தேன், நல்லவேளை. ஒரு ஈ வந்து என் கன்னத்தில் உட்கார்ந்தது. நான் அசையவில்லை.

மச்சினன், சாத்தான்குளத்து வேலை எல்லாம் கடைசி நாளில்தான் செய்ய முடிகிறது, அந்த ஆள் தினமும் போன் போட்டு உயிரை எடுக்கிறான் என்றான். மேனேஜர், கேட்டால் நேத்தே போயிட்டுன்னு சொல்லு, கிழவனுக்கு என்ன தெரியும் என்றார். பிறகு என் படத்தைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். தீபாவளி கழிந்ததும் முதலாளியிடம் சொல்லி இதை அனுப்பிவிட வேண்டியதுதான் என்றார். இதை என்றது என்னை. மீட்டிங் முடிந்ததும் எழுந்துபோய் மாமிக்குத் தண்ணி கொடுத்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

தீபாவளிக்குப் பிறகு அவர் என்னை அனுப்புவதற்கு முன்னால் மழை வந்துவிட்டது.

தூத்துக்குடிக்கு மழை என்றால் தெரியும், பெய்தால் ஒரேயடியாகப் பெய்யும், தண்ணி போக வழியிருக்காது. ராத்திரி முழுக்கப் பெய்து, விடிந்தபோது டவுனில் பாதித் தெருக்களில் முழங்காலளவு நின்றது. எங்கள் ஆபீஸ் தரைத்தளம். சர்வர் வைத்திருந்த அறைக்குள் தண்ணி புகுந்து, கரண்ட்டை அணைத்துவிட்டார்கள். ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் டவுனில் தாழ்வான இடங்களில் இருந்தார்கள். அங்கே பல டவர்கள் நின்றுபோய், மிச்சமிருந்ததில் ஊரே தொங்கியது. பேசுவதற்கே லைன் கிடைக்கவில்லை. என் தெருவில் தண்ணி வாசற்படி வரை வந்து நின்றது. கரண்ட் இல்லை. லாப்டாப்பிலும் போனிலும் முந்தின ராத்திரியே சார்ஜ் நிறைத்து வைத்திருந்தேன். எங்கள் பக்கத்து டவர் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து என்ற எண் அசையாமல் இருந்தது.

துறைமுகத்திலிருந்து என் வீட்டுக்காரர் சொன்னார், காற்று குறைந்ததும் ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள், கப்பல் நிற்காது என்று. அண்ணாச்சியின் நிலாவாரை அந்தக் கப்பலுக்குத்தான். கெடு அன்று சாயங்காலம்.

மதியம் மேனேஜர் கூப்பிட்டார். குரல் விட்டுவிட்டு வந்தது. உங்க பக்கம் நெட்டு எப்படி இருக்கு என்று கேட்டார். நல்லா இருக்கு சார் என்றேன். அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவசரமாக மூன்று பார்ட்டிகளின் விவரங்களை அனுப்ப வேண்டும், அதில் சாத்தான்குளமும் ஒன்று, உங்களிடம் பழைய பைல்கள் இருக்கும், கொஞ்சம் செய்து கொடுங்கள் என்றார்.

நான் எத்தனையோ தடவை மனதில் ஒத்திகை பார்த்த இடம் இது. அலறுவேன், ஸ்டிக்கரைச் சொல்லிக் காட்டுவேன் என்றெல்லாம் நினைத்திருந்தேன். உண்மையில் குரல் ரொம்பச் சாதாரணமாக வந்தது.

"குரூப்ல கேளுங்க சார்."

"எந்த குரூப்ல?"

"எல்லாரும் இருக்காவல்லா, அந்த குரூப்ல. ஆபீஸ்ல யாராலயும் முடியல, நீங்க அனுப்பித் தாங்கன்னு எழுதுங்க. முதலாளியும் பாக்கட்டும். பாத்துட்டு ஆரம்பிக்கேன்."

அவர் நேரம் போகிறது என்றார். எனக்கும் தெரியும் என்றேன். லைன் அறுந்தது. நான் போனை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வந்தது. நான் சொன்ன அதே வார்த்தைகள், கடைசியில் ஒரு 'ப்ளீஸ்'. அந்த குரூப்பில் அவர் யாரிடமும் ப்ளீஸ் சொல்லி நான் பார்த்ததில்லை. அதை நான் மூன்று நான்கு தடவை படித்தேன். மாமிக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மாமி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

மற்ற இரண்டு பார்ட்டிகளின் வேலையை முதலில் முடித்தேன். ஸ்கேன் செய்த பெரிய பைல்கள் தண்ணி மாதிரி ஓடின. பிறகு சாத்தான்குளம். அதில் எடை விவரம் பாதி இல்லை, மச்சினன் வாங்கியே வைக்கவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்றால் அண்ணாச்சிக்குத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அவருக்கு எல்லாம் தெரிந்துபோகும். மேனேஜருக்கு இது தோன்றாமல் இருந்திருக்காது. தோன்றியும் அவருக்கு வேறு வழி இல்லை.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். சாத்தான்குளத்தில் மழை அவ்வளவு இல்லை, லைன் தெளிவாக இருந்தது. நான் எடையைக் கேட்டேன்.

"நேத்தே அனுப்பியாச்சுன்னு அந்த மனுஷன் சொன்னாரே தாயி."

"இல்ல அண்ணாச்சி. இன்னும் ஒண்ணும் போகல. இப்பதான் நான் ஆரம்பிக்கேன்."

"போன தடவையும் அப்படித்தான் சொன்னாரு."

இறக்கி வைத்திருந்த பைலில் தேதியைப் பார்த்து, போன தடவையும் கடைசி நாள்தான் போனது என்று நான் சொன்னேன். அதற்கு முந்தின தடவையையும் சொன்னேன். எதையும் கூட்டிச் சொல்லவில்லை, கூட்ட வேண்டிய அவசியமே இல்லை. அவருடைய வேலையை என்னிடமிருந்து பிடுங்கியதையும் ஸ்டிக்கரையும் சொல்லவில்லை. அண்ணாச்சி நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, எடைச் சீட்டுகளை இப்பவே அனுப்பச் சொல்லுதேன், நீ முதல்ல சரக்க ஏத்து என்றார். சீட்டுகள் வந்தன. ஒவ்வொரு எண்ணையும் விரலால் தொட்டுச் சரிபார்த்து அனுப்பினேன். கெடுவுக்கு முன்னாலேயே கப்பல் கம்பெனியிடமிருந்து ஏற்றுக்கொண்டோம் என்ற பதில் வந்துவிட்டது. குரூப்பில் ஒரே ஒரு வார்த்தை போட்டேன்: முடிந்தது. ஸ்டிக்கர் போட ஒருவருக்கும் கை வரவில்லை.

இலை நனையாமல் கப்பல் ஏறியது. தண்ணி வடிந்த பிறகு அண்ணாச்சி நேரே காரில் வந்து முதலாளியைப் பார்த்திருக்கிறார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மச்சினன் முதலில் போனான். மேனேஜரைக் கொஞ்ச நாள் வேறு மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள், பிறகு அவரும் போய்விட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, எல்லாப் பார்ட்டியையும் நீங்களே பாருங்கள், மேனேஜர் சீட்டும் உங்களுக்குத்தான் என்றார். மரியாதையாகத்தான் பேசினார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டு, வேலையை விட்டேன். அந்த ஸ்டிக்கர் முதன்முதலில் வந்த அன்று, அதற்குக் கீழே கண்ணீர் வரச் சிரிக்கிற முகம் போட்டவர்களில் முதலாளியும் ஒருவர். அதை அவர் மறந்திருப்பார். நான் இப்போது தனியாக இந்த வேலையைச் செய்கிறேன். சாத்தான்குளத்து அண்ணாச்சி என்னோடு வந்துவிட்டார். அவர் சொல்லி உடன்குடியிலிருந்து இரண்டு பேர், மணப்பாட்டுப் பக்கத்திலிருந்து கருவாடு அனுப்புகிற ஒருவர். ஆபீசுக்கு அது பெரிய அடி என்று கேள்விப்பட்டேன். என் வீட்டுக்காரர், போதும்ளா, அவங்க குடும்பமும் பொழைக்கணும்லா என்றார். பொழைக்கட்டும் என்றேன். நான் யாருடைய சோற்றிலும் மண் போடவில்லை, என்னுடையதை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு எடைச் சீட்டில் குழப்பம் வந்து, துறைமுகச் சாலையில் இருக்கிற ஒரு எடை மேடைக்கு நேரில் போனேன். லாரியை ஏற்றி நிறுத்தி எடை போடுகிற இடம். தகரக் கூரை போட்ட அறைக்குள், கண்ணாடிக்குப் பின்னால் அந்த மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார், டீ சொன்னார். மாமி எப்படி இருக்காவ என்று கேட்டார். கம்பு ஊன்றி நடக்கிறார் என்றேன்.

வெளியே ஒரு உப்பு லாரி மேடையில் ஏறி இறங்கியது. அது போனதும் அவர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நான் செஞ்சது தப்புதாம்மா. அந்தப் படம் போட்டதுதான் முதல் தப்பு. மனசுல வச்சுக்கிடாதிய."

எனக்கு அது பிடிக்கவில்லை. இத்தனை நாளும் எனக்குள் ஒரு ஆள் இருந்தார். திமிரான ஆள், பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஆள். அவரை நினைத்துத்தான் நான் அந்தப் போனைத் திறந்தேன், ஈ உட்கார்ந்தும் அசையாமல் இருந்தேன், தனியாகத் தொழில் ஆரம்பித்தேன். இப்படி நாற்காலியைத் துடைத்துப் போடுகிற மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சொல்ல வேண்டிய பதில் என்னவென்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலில் சொல்லிக் கொடுத்த மன்னிப்புதான். அது என் வாயில் வரவில்லை.

டீயைக் குடித்து முடித்தேன். கையில் இருந்த சீட்டை அவர் முன்னால் வைத்தேன்.

"கண்டெய்னர் நம்பர்ல ஒரு எழுத்து தப்பா இருக்கு சார். மாத்தித் தாங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தப்புதான் என்று ஒத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் திருத்தி, புதிய சீட்டை எடுத்து முத்திரை குத்திக் கொடுத்தார். நான் அதை அங்கேயே நின்று, ஒவ்வொரு எழுத்தாக, அவர் பார்த்துக்கொண்டிருக்கப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, முத்தையாபுரம் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.